கழுகை உரித்த சனிக்கிழமை

கிதாரின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பைக்கில் ஒட்டட்டும், ஹெல்மெட்டில் ஒட்டட்டும், குளியலறைக் கண்ணாடியில் பொட்டை ஒட்டிவைக்கிற பழக்கத்தைக்கூட நான் மன்னித்துவிடுவேன். கிதார் என்ன பாவம் செய்தது? என்னோடு வேலை பார்க்கும் பையன் ஒருவன் சமீபத்தில் புதுக் கிதார் வாங்கினான். வாங்கிய கையோடு அதன்மேல் மண்டையோடும் மின்னலும் ஒட்டி, படம் எடுத்து அலுவலகக் குழுவில் போட்டான். எல்லோரும் இதயம் அனுப்பினார்கள். நான் மட்டும், "பிய்க்கும்போது தெரியும்" என்று எழுதினேன். கொஞ்ச நாள் அவன் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவனுக்கு என் பெரியப்பாவைத் தெரியாது.

பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ரேடியம் ஸ்டிக்கர் கடை வைத்திருந்தார். வண்டிக்கு நம்பர் பிளேட் போடுவது, ஆட்டோவின் முதுகில் பிள்ளைகளின் பெயரை ஒட்டுவது, பைக் டேங்க் தீப்பிடித்து எரிகிற மாதிரி டிசைன் வெட்டுவது, இதுதான் தொழில். ஆவடி ரோட்டில் ஓடுகிற வண்டிகளில் பாதி தன் கை பட்டவை என்று சொல்லிக்கொள்வார். வண்டியோடு நிறுத்தியிருந்தால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் வெட்டியது போக மிச்சம் விழுகிற துண்டுகளை அவருக்குக் குப்பையில் போட மனம் வராது. அவையெல்லாம் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்துசேரும். திருமுல்லைவாயிலில் இருந்த எங்கள் வாடகை வீட்டு ஃபிரிட்ஜில் இரண்டு புலிகள் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டிருந்தன. தண்ணீர் டிரம்மில் ரோஜாப்பூ. என் சைக்கிளின் மட்கார்டில், யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்க வராமல் போன ஒரு சுறாமீன். சர்ச்சுக்கு அவர் கொடுத்த மின்விசிறி, நாற்காலி, கடிகாரம் எல்லாவற்றிலும் 'அன்பளிப்பு' என்று ஆரம்பித்து அவர் பெயர், கீழே கடையின் பெயர். கடிகாரத்தில் எழுத்து பெரிதாகப் போய், நாலுக்கும் எட்டுக்கும் நடுவில் முள் எங்கே நிற்கிறது என்று பிரசங்கத்தின்போது கழுத்தை வளைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அவர் ஒட்டியதை யாரும் எடுக்க மாட்டார்கள். ஆசையாகத்தான் செய்வார். அதே ஆசைக்கு ஒரு சின்னக் குறை வந்தாலும் முகம் சுண்டிவிடும், ஒரு வாரத்துக்கு வீட்டுப் பக்கம் வர மாட்டார். தாத்தா போன பிறகு அப்பாவைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் அவர் என்பதால் எங்கள் வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. எங்கள் ஃபிரிட்ஜில் புலிகள் அதனால்தான் நிம்மதியாக வாழ்ந்தன.

கிதார் மாமாவுடையது. மாமா அம்மாவின் தம்பி. பூந்தமல்லியில் பாட்டி வீட்டில் இருந்தபடி வேலப்பன்சாவடியில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் வாங்கியது. படிப்பு முடிந்து பெங்களூரில் வேலை கிடைத்ததும், போவதற்கு முன்னால் அதை என் கையில் கொடுத்தார். எனக்கு அப்போது பதினோரு வயது. தேன் நிறத்தில், நல்ல பாலிஷ் போட்ட கிதார். கூடத்து டியூப்லைட் முழுசாக அதன் வயிற்றில் தெரியும். சட்டைப் பொத்தான் உரசிவிடும் என்று மாமா அதைத் தள்ளிப் பிடித்துத் துடைப்பார். கொடுக்கும்போது, "இது மேல ஒரு கீறல் வுழக் கூடாது பாப்பா. வுழுந்துச்சுன்னா ராத்திரியோட ராத்திரியா பஸ் ஏறி வந்துருவேன்" என்றார். அவர் வேடிக்கைக்குச் சொன்னார். நான் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டேன். பள்ளி விட்டு வந்ததும் கை கழுவிவிட்டுத்தான் கிதாரைத் தொடுவேன்.

சர்ச்சில் கொயர் நடத்திய அக்காவிடம் கற்றுக்கொண்டு, அந்த டிசம்பரில் ஒரு முழுப் பாட்டை வாசிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். சண்டே ஸ்கூல் கிறிஸ்மஸ் நிகழ்ச்சியில் சின்னப் பிள்ளைகள் பாட, நான் தனியாகக் கிதார் வாசிப்பது என்று முடிவாயிற்று. கீபோர்டும் டிரம்ஸும் பையன்கள் கையில் இருந்தன. "பொண்ணு இன்னா வாசிக்கும், கம்பி அறுந்துடப் போகுது" என்று அவர்கள் ஒரு பக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு பாட்டை நன்றாக வாசித்து அவர்கள் மூக்கை உடைக்க வேண்டும். அந்த வருடக் கிறிஸ்மஸுக்கு எனக்குப் புது கவுனைப் பற்றிக்கூட நினைப்பில்லை.

நிகழ்ச்சிக்குச் சில நாட்கள் முன்னால், அவர்கள் வாய் முகூர்த்தமோ என்னவோ, நிஜமாகவே ஒரு கம்பி அறுந்தது. அப்பா, "குடு, நான் போறப்ப எட்த்துக்கினு போயி மாத்திக்கினு வரேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். அவர் அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். சாம்பல் நிற யூனிஃபார்ம் சட்டையின் பையில் பேனாவைக் குத்திக்கொண்டு காலையில் கிளம்புவார். கிதார் அன்றைக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. கேட்டால், பெரியப்பா கடையில் பத்திரமாக இருக்கிறது என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரியப்பாவே கொண்டுவந்தார். கிதாரைப் போர்வையில் சுற்றி ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு வந்திருந்தார். அவருக்குப் பின்னாலேயே அப்பாவின் வண்டியும் வந்து நின்றது.

"பாப்பா, கண்ண மூடிக்கோ" என்றார் பெரியப்பா. மூடிக்கொண்டேன். "ம், இப்ப தொற!"

தேன் நிறம் எங்கேயும் இல்லை. கிதாரின் நடு ஓட்டைக்குக் கீழே, இறக்கையை விரித்துக்கொண்டு ஒரு கருப்புக் கழுகு. ஓரம் முழுவதும், சுற்றி வளைத்து, சிவப்பும் மஞ்சளுமாக நெருப்பு. மேலே வெள்ளி ரேடியத்தில் என் பெயர், ஒவ்வொரு எழுத்துக்கும் நீலத்தில் நிழல். எல்லாவற்றுக்கும் அடியில், கழுகின் காலடியில், பெரியப்பாவின் கடைப் பெயரும் போன் நம்பரும். கம்பியை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள், அதில் ஒட்டாது என்பதால் இருக்கும்.

எனக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிவிட்டது.

"பாத்தியாடா! சந்தோசத்துல அழுவுது புள்ள!" என்று பெரியப்பா அப்பாவின் முதுகில் ஒரு தட்டு தட்டினார். "இன்னாம்மா, எப்டி கீது? லைட்டு பட்டா உன் பேரு அப்டியே மின்னும். இது யாரு வெட்னதுன்னு தெரியுமா..."

"காபி ஆறிடும், எடுத்துக்குங்க" என்று அம்மா டம்ளரை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். அம்மா அப்படிப் பேச்சை வெட்டுகிறவள் இல்லை. அப்பா கையில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார். அவர் கிதாரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று நானும் அவரையே பார்த்தேன். அவர் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் ஒத்திகை. கிதாரை உறையிலிருந்து எடுத்ததும் கீபோர்டு பையன் எழுந்து நின்று, ஒரு கையைக் காற்றில் தொங்கவிட்டுக்கொண்டு, "அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர்! ஏறு ஏறு ஏறு!" என்று கத்தினான். டிரம்ஸ் பையன், "அண்ணாத்தே, ஒரு சீட்டு கீதா?" என்றான். அதற்குப் பிறகு நான் என்ன வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. கொயர் அக்கா அவர்களை அதட்டினார், வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டேதான் அதட்டினார். பாட வந்த பொடிசுகள் பாட்டை விட்டுவிட்டு நெருப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஷேர் ஆட்டோவைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சண்டை போட்டேன். ஸ்டிக்கரை எடுத்தாக வேண்டும் என்றேன். அம்மா, "பெரியப்பா ஆசையா பண்ணிகீறாரு, அவரு மனசு கஷ்டப்படும்" என்றாள்.

"என் மனசு?"

"நீ கொயந்த, உனக்கு இன்னா மனசு."

இந்த வாக்கியத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. பதினோரு வயதில் மனசு இல்லாதவளாக இருந்தேன் என்று அம்மாவிடம் இப்போது சொல்லிக்காட்டினால், நான் எப்போது அப்படிச் சொன்னேன் என்கிறாள்.

சோறு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், பலிக்கவில்லை. அம்மா துணி துவைத்துக் காயப்போட மொட்டைமாடிக்குப் போனதும், கதவைச் சாத்திவிட்டு நானே ஆரம்பித்தேன். முதலில் என் பெயர். நகத்தால் சுரண்டினால் ரேடியம் பொடிப்பொடியாக வந்தது. வெள்ளி மட்டும் உரிந்து, பசை அதே எழுத்தின் வடிவத்தில் தங்கிவிட்டது. கத்தி எடுக்க பயம், மாமா பஸ் ஏறிவிடுவார். பழைய ஏ.டி.எம். கார்டு ஒன்றை வைத்துத் தள்ளினேன். பசை சுருண்டு, அழுக்காகி, இன்னும் அகலமாகப் பரவியது. தேங்காய் எண்ணெய் ஊற்றினேன். ஊற்றினேன் என்றால் ஊற்றினேன், கொஞ்சமாகத் தடவ வேண்டும் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? பசை சளி மாதிரி ஆகிவிட்டது. துடைத்த துண்டின் பஞ்செல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு, என் பெயர் இருந்த இடத்தில் முடி முளைத்த மாதிரி ஆயிற்று.

மாடி வீட்டு அக்கா பியூட்டி பார்லரில் வேலை பார்த்தார். அவரிடம் ஓடினேன். அவர் என்ன ஏது என்று விசாரிக்காமல் நெயில் பாலிஷ் ரிமூவர் பாட்டிலையும் பஞ்சையும் கொடுத்து, "நெயில் பாலிஷே போவுது, பசை போவாதா?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பசை போயிற்று. ஒரே இழுப்பில் போயிற்று. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றி அழுத்தித் தேய்த்தேன். அப்போது பஞ்சு நகர மறுத்தது. எடுத்துப் பார்த்தால், கிதாரின் பாலிஷே இளகி, பஞ்சு அதில் பதிந்து, என் உள்ளங்கை அகலத்துக்கு அந்த இடம் வெள்ளையாக வெளிறிப்போயிருந்தது. டியூப்லைட் அதில் தெரியவில்லை. என் பெருவிரல் ரேகை மட்டும் அச்சாகத் தெரிந்தது.

நான் போட்ட கூச்சலில் அம்மா மாடியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தாள். கிதாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தரையில் வழிந்த எண்ணெயைப் பார்த்தாள். "ஐயோ, நாளைக்கு பெரியப்பா கேட்டா இன்னாடி சொல்றது?" என்றாள். கிதாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை அவளுக்கு! நான் அதற்குத்தான் அதிகமாக அழுதேன்.

அப்பா ஓவர்டைம் முடிந்து வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அம்மா அவரைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் குசுகுசுவென்று ஏதோ சொன்னாள். உதை விழும் என்று நினைத்துச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கிதாரை மடியில் வைத்துக்கொண்டார். வெளிறிய இடத்தை விரலால் தடவினார்.

"ரிமூவர் போட்டியா?"

"ம்."

"பிடிக்கலன்னு சொல்லியிருக்கலாமேம்மா."

"யாருகிட்ட சொல்றது? நீங்கதான் வாயே தொறக்கலியே!"

அப்பா மாடி வீட்டு அக்காவிடம் ஹேர் டிரையரை வாங்கிவரச் சொன்னார். "பிய்க்கக் கூடாது. சூடு காட்டினா அதுவே வுட்டுக் குடுக்கும்" என்று கழுகின் இறக்கை நுனியில் காற்றைக் காட்டினார். கையை அடிக்கடி வைத்துப் பார்த்து, சூடு ஏறிவிடாமல் டிரையரைத் தள்ளித் தள்ளிப் பிடித்தார். நுனி மெல்ல எழுந்தது. அதை மேலே இழுக்காமல், கிதாரோடு படுத்தாற்போலப் பின்பக்கமாக மடித்து, மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தார். கழுகு பசையோடு சேர்ந்து வந்தது. அதன் அடியில் தேன் நிறம் வந்துகொண்டே இருந்தது. எனக்கு உயிர் திரும்பியது.

உயிர் திரும்பியதும் வாயும் திரும்பிவிட்டது. பெரியப்பாவை ஒரு பிடி பிடித்தேன். இவருக்கு யார் சொன்னது, கிதாருக்கும் ஆட்டோவுக்கும் வித்தியாசம் தெரியாதா, கடைக்கு விளம்பரம் வேண்டுமென்றால் அவர் நெற்றியில் ஒட்டிக்கொள்ளட்டும் என்று ஆரம்பித்தேன். அம்மா சமையலறையிலிருந்து, "வாய மூடுடி" என்று குரல் கொடுத்தாள். அப்பா ஒன்றும் சொல்லாததால் நான் மேலே போனேன்.

"இத கழுகுன்னு எவன் சொன்னான்? மழையில நனைஞ்ச காக்கா மாதிரி கீது. வெட்னவனுக்குக் கண்ணு தெரியாதா? இந்த ரெக்க பெருசு, அந்த ரெக்க சின்னது."

அப்பா டிரையரை நிறுத்திவிட்டு, பாதி உரிந்த கழுகைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஆமா, எடது பக்கம் கொஞ்சம் சின்னதா பூடுச்சு" என்றார். பிறகு, "நெருப்பு?" என்று கேட்டார்.

"நெருப்பா அது? கேசரி கிளறிக் கொட்ன மாதிரி கீது."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேரு? பேரு நல்லாத்தானே இருந்துச்சு?"

யோசித்தேன். உண்மையில் பெயர் அழகாகத்தான் இருந்தது, அந்த நீல நிழல் ஒவ்வொரு எழுத்துக்கும் பிசகாமல் விழுந்திருந்தது. ஆனால் அதை ஒத்துக்கொள்கிற மனநிலையில் நான் இல்லை. "அதெல்லாம் யாரு கேட்டாங்க? என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்றேன்.

"கேட்டிருக்கணுந்தான்" என்றார் அப்பா.

கழுகு முழுசாகக் கையோடு வந்தது. ஒரு ஓரம்கூடக் கிழியவில்லை. அதை அவர் பழைய காலண்டர் அட்டையின் வழுவழுப்பான பக்கத்தில் மெல்லப் பரப்பப் போனார். நான் வெடுக்கென்று பிடுங்கி, இரண்டு கையாலும் கசக்கி உருட்டினேன். பசையோடு பசை ஒட்டிவிட்டால் அதை யாராலும் பிரிக்க முடியாது. கோலிகுண்டு மாதிரி ஆக்கி ஜன்னல் வழியாகத் தெருவில் எறிந்தேன். அப்பா, "சரி, வுடு" என்றார்.

நெருப்பையும் கடைப் பெயரையும் அதே மாதிரி உரித்தார். மிச்சப் பசையை அவர் பெருவிரலால் உருட்டி உருட்டியே எடுத்தார். எங்கேயாவது பிடிவாதம் பிடித்தால், துணியின் நுனியில் எண்ணெயைத் தொட்டுத் தேய்த்து, உடனே ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார். வெளிறிய இடத்தில் பல் தேய்க்கிற பேஸ்ட்டைக் கொஞ்சம் வைத்து வட்டவட்டமாக வெகுநேரம் தேய்த்தார். பஞ்சும் விரல் ரேகையும் போய், மங்கலான ஒரு வட்டம் மட்டும் மிஞ்சியது. "இதுக்கு மேல தேய்ச்சா மரம் வந்துரும்" என்று நிறுத்திவிட்டார். படுக்கப் போகும்போது அவரிடம், "நீங்க பெரியப்பாவுக்குப் பயப்பட்றீங்க" என்று சொன்னேன். "ஆமாம்மா, கொஞ்சம்" என்றார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

இதற்கு மேல் மறைத்துவைக்க நான் எங்கள் வீட்டுப் பெரியவர்களில் ஒருத்தி இல்லை, சொல்லிவிடுகிறேன். அப்பாவின் கம்பெனியை அந்த வருடம் மழைக்காலத்துக்கு முன்பே மூடிவிட்டார்கள். ஒரு காலையில் போனால் கேட்டில் பூட்டு. வேறு வேலை எங்கேயும் அமையாமல், அவர் பெரியப்பா கடையில் ஸ்டிக்கர் வெட்டக் கற்றுக்கொண்டிருந்தார். என் ஒருத்திக்காகத்தான் தினமும் அந்தச் சாம்பல் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பி, எஸ்டேட்டுக்குத் திரும்புகிற இடத்தில் திரும்பாமல் நேராக ஓ.டி.க்குப் போவார். அந்தக் கழுகு, அவர் முதன்முதலாகத் தானே வரைந்து வெட்டியது. மகள் மேடையேறப் போகிறாள் என்று, கடை சாத்தியபிறகு தனியாக உட்கார்ந்து வெட்டினாராம். கடையின் பெயரும் நம்பரும் மட்டும்தான் பெரியப்பாவின் கைவரிசை.

எனக்கு இது கல்லூரிக்குப் போன பிறகு, ஒரு கல்யாண வீட்டில், பெரியம்மா பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரியும். எனக்கு ஏற்கனவே தெரியும் என்று நினைத்துச் சொன்னார். அதற்குள் அப்பாவுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேறு வேலை கிடைத்து, அதிலேயே ஆண்டுகள் ஓடியிருந்தன. பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சர்ச்சில் தெரிந்திருந்தது. பால்காரருக்குத் தெரிந்திருந்தது. மாடி வீட்டு அக்காவுக்குக்கூடத் தெரிந்திருந்தது. கொயந்தைக்கு எதுக்கு, கொயந்தைக்கு எதுக்கு என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லி வைத்துக்கொண்டு, அந்தக் குழந்தையை அவள் அப்பாவின் முன்னால் உட்கார்ந்து, வெட்டியவனுக்குக் கண் தெரியாதா என்று கேட்க விட்டுவிட்டார்கள். சொல்லியிருந்தால் அந்தக் கழுகோடு மேடையேறியிருப்பேனா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. ஒருவேளை ஏறியிருக்க மாட்டேன். அது அசிங்கமாகத்தான் இருந்தது, அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் கசக்கியிருக்க மாட்டேன். வாயையாவது மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

அன்றைக்கு இதெல்லாம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை புது கவுன் போட்டுக்கொண்டு, வெறும் தேன் நிறக் கிதாரோடு மேடையேறினேன். மங்கலான வட்டம் என் முழங்கைக்கு அடியில் மறைந்துபோயிற்று. பொடிசுகள் இரண்டாவது சரணத்தில் வழி தவறி ஆளுக்கொரு பக்கம் போனாலும், நான் விடாமல் வாசித்துக் கடைசியில் எல்லோரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்தேன். கைதட்டல் நன்றாக விழுந்தது. கீபோர்டு பையன், "பரவால்ல" என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். அவன் வாயிலிருந்து அது வந்ததே பெரிய விஷயம்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே பந்தலில் கேக்கும் டீயும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊரே அங்கேதான் நின்றது. பெரியப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நான் கிதார் உறையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. என் தலைக்கு மேலே, பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்தார்.

"இன்னாடா இது? எங்கடா கழுகு?"

என்னைக் காட்டிக்கொடுப்பார் என்றுதான் நினைத்தேன். அப்பா, "ஒட்டல ண்ணா. ஓரமெல்லாம் எழும்பிக்கிச்சு. பாக்க அசிங்கமா இருந்துச்சு, நான்தான் எட்த்துட்டேன்" என்றார்.

வேறு என்ன சொல்லியிருந்தாலும் பெரியப்பா விட்டிருப்பார். ஸ்டிக்கர் ஒட்டவில்லை என்று சொன்னது அவருடைய தொழிலின் மேல் விழுந்துவிட்டது. டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஓரம் எழும்புதுன்னா இன்னா அர்த்தம்? தொடைக்காம ஒட்டிகீற! எத்தினி வாட்டி சொல்லிகீறேன், தொடச்சிட்டு ஒட்டுடா, காத்து நிக்காம தேச்சு வுடுடான்னு. ஊட்டுப் பொருளுக்கே இந்தக் கதின்னா, நாளைக்கு கஸ்டமர் வண்டிக்கு இன்னாடா பண்ணுவ? இன்னும் எத்தினி நாளைக்குடா உனுக்கு நான் சொல்லிக் குடுக்கறது?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "சரி ண்ணா, சரி ண்ணா" என்றார். சுற்றிலும் சர்ச் ஆட்கள், எங்கள் தெரு ஆட்கள், கொயர் அக்கா, அந்த இரண்டு பையன்கள். அத்தனை பேருக்கும் நடுவில் என் அப்பா, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. கிதார் உறையைத் தோளில் மாட்டியபடியே இருவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"எங்கப்பா எதுக்கு உங்க கட ஸ்டிக்கர ஒட்டணும்?" என்றேன். நான் கத்தியது பந்தலின் கடைசிவரை கேட்டிருக்கும். "எங்கப்பா இன்னா ஸ்டிக்கர் ஒட்றவரா? அவரு கம்பெனில சூப்பர்வைசர்! அவருக்குக் கீழ எத்தினி பேரு வேல செய்றாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

கொயர் அக்கா கையிலிருந்த கேக்கைப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கீபோர்டு பையனின் அம்மா அவனைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பி நிற்க வைத்தார். பெரியப்பா வாயைத் திறந்தார். அப்பாவைப் பார்த்தார், மறுபடியும் மூடிக்கொண்டார். பிறகு குனிந்து என் கன்னத்தைத் தொட்டு, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "ஆமா பாப்பா. பெரியப்பா மறந்துட்டேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா என் தோளிலிருந்து கிதாரைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "வா, போலாம்" என்றார். வீடுவரை என் கையை அவர் விடவே இல்லை. அவர் ஒன்றுமே பேசாமல் வந்ததால், இன்னும் அண்ணனை நினைத்துப் பயப்படுகிறார் போலிருக்கிறது என்று எனக்குப் பட்டது. "நான் கேட்ட கேள்விக்கு அவரால பதில் சொல்ல முடிஞ்சுதா, பாத்தீங்களா? இனிமே அவருக்கு நீங்க பயப்படாதீங்கப்பா" என்று தைரியம் சொன்னேன்.

"சரிம்மா" என்றார் அப்பா.